ஏழாவதாக நின்ற அக்கா

போன வருஷம் ஆடிப் பவுர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, காலை பத்து மணி. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை பக்கம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே முப்பத்தாறு வியாபாரிகள், ஒரு பிளாஸ்டிக் மேசை, மேசைமேல் என் லேப்டாப்.  சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் எம்.சி.ஏ. முடித்துவிட்டு வேங்கிக்காலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பெண். வேலை நேரம் போக எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. கெர்னல். கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிவயிறு அது. அதைப் பிரித்துப் போட்டு, வேண்டாததை எல்லாம் வெட்டி, மறுபடி கட்டி, 'ஆஹா, நாலு செகண்டில் எழுந்துவிட்டது' என்று தனியாகச் சிரித்துக்கொள்வேன். வீட்டில் யாருக்கும் இது புரியாது. அதனால் எங்கேயாவது இதைக் காட்ட ஒரு இடம் கிடைக்காதா என்று பறந்துகொண்டிருந்தேன்.

அக்கா வீட்டுக்காரர் ரூபத்தில் இடம் கிடைத்தது. மாமா கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறார். அங்கே இருக்கிற சின்னச் சங்கம் ஒன்றுக்கு அவர்தான் செயலாளர். பாதையோரம் ஒருவருடைய காலி மனையில் பவுர்ணமிக்குப் பவுர்ணமி முப்பத்தாறு பேர் கடை போட்டுக்கொள்கிறார்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. ஒன்றாம் நம்பர் இடம் விளக்குக் கம்பத்துக்கு நேர் கீழே. நடந்து வருகிற கூட்டம் முதலில் அங்கேதான் நிற்கும். முப்பத்தாறாம் நம்பர் நடமாடும் கழிப்பறை வண்டிக்குப் பின்னால். அங்கே எவரும் நின்று எதையும் வாங்க மாட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

அதனால் மாதாமாதம் குலுக்கல். பிளாஸ்டிக் பக்கெட்டில் சீட்டு போட்டு எடுப்பார்கள். சீட்டின் முனையை யாரோ மடித்து அடையாளம் வைக்கிறார்கள் என்று சண்டை. ஒரு நாள் மாமா எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து இதைப் புலம்ப, நான் அவர் சோற்றைப் பிசைந்து முடிப்பதற்குள் லேப்டாப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டேன்.

ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓடவிடலாம். விர்ச்சுவல் மெஷின் என்போம். அதை ஓடுகிற நிலையிலேயே நிறுத்தி, அந்த நிமிஷத்தை அச்சு அசலாகச் சேமித்து வைத்துக்கொள்ளவும் முடியும். நான் குலுக்கலுக்கென்று ஒரு குட்டி மெஷின் செய்தேன். கெர்னலை நானே கட்டினேன். குலுக்கல் புரோகிராமைத் திறந்து, பட்டனை அழுத்தினால் போதும் என்கிற நிலையில் நிறுத்திச் சேமித்தேன். சங்கத்துக்காரர்கள் முன்னால் எழுந்து நின்று, "ஒவ்வொரு மாசமும் இதே மெஷின், இதே நிமிஷத்துல இருந்துதான் ஆரம்பிக்கும். நடுவுல நானே நெனச்சாலும் உள்ள கை வைக்க முடியாது" என்றேன். கை தட்டினார்கள். எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நடைமுறை சுலபம். வருகிறவர்கள் வந்த வரிசையில் மாமாவின் நோட்டில் பேர் எழுதுவார்கள். செயலாளர் என்பதால் மாமா கடைசியாக எழுதிக்கொள்வார். எல்லோரும் எழுதி முடித்ததும் நான் மெஷினைத் திறந்து, திறந்த கையோடு பட்டனை அழுத்துவேன். திரையில் முப்பத்தாறு இடங்களின் எண்களும் கலைந்த வரிசையில் வரும். முதல் பேருக்கு முதல் எண், இரண்டாம் பேருக்கு இரண்டாம் எண். நான் படிக்க, மாமா பேருக்கு எதிரே எழுதுவார். வைகாசி முடிந்தது, ஆனி முடிந்தது. சண்டை இல்லை.

ஆடியில்தான் அந்தக் காலை. நான் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே உள்ளே சத்தம்.

"ரெண்டு பேரு எழுதிட்டாங்களா? நகரு, நகரு, மூணாவது நானு." இது பொம்மை விற்கிற அண்ணன்.

"போன மாசம் நீதான மூணு? இந்த மாசம் எனக்கு வுடுய்யா." எலுமிச்சை சாதம் விற்கிறவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நீ மொத மாசம் மூணாவது எழுதி மொத எடத்துல உக்காரல? மூணு இன்னா உங்க அப்பன் ஊட்டு சொத்தா?"

பொம்மைக்கார அண்ணன் முழங்கையால் இடித்து எழுதியேவிட்டார். அப்புறம் ஆறு பேர் வரை சரசரவென்று போனது. அதோடு நின்றது. பேனா நோட்டின்மேல் கிடக்கிறது. முப்பது பேர் சுற்றி நிற்கிறார்கள். எடுக்க ஆளில்லை.

"இன்னா மாமா?" என்றேன்.

"ஏழாவது எழுத எவனும் வர மாட்டேங்கறான். ராசி இல்லையாம்."

கொட்டகைத் தூணோரம் வேர்க்கடலை அவித்து விற்கிற அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் வெளியூரிலிருந்து எப்போதும் ஒரே பஸ்ஸில் வருகிறவர். வைகாசியிலும் ஆனியிலும் பஸ் விட்டு இறங்கி வந்தபோது ஆறு பேர் எழுதியிருந்தார்கள், ஏழாவதாக எழுதினார். இரண்டு தடவையும் கழிப்பறை வண்டிக்குப் பின்னால்தான் கடை.

"யக்கா, நீயே எழுதுக்கா. உனக்குத்தான் பழக்கம் ஆயிடுச்சே" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"போங்கடா. ரெண்டு மாசம் அந்த நாத்தத்துல உக்காந்து, அவிச்ச கடலை முக்கால்வாசி அப்படியே ஊடு வந்து சேந்துச்சு. மறுநாளு வழவழன்னு ஆயி மாட்டுக்குக் கொட்டனேன். நான் கடைசியில எங்கனா எழுதிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. மூணு ராசி, ஏழு ராசி இல்லை என்று என் மெஷினைப் பற்றிப் பேசுகிறார்களே! இந்த ஊரில் படித்து என்ன பிரயோஜனம் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். மேசைக்கு முன்னால் வந்து பேச ஆரம்பித்தேன். ஒரு காசைச் சுண்டினால் மூன்று முறை தொடர்ந்து பூ விழுவதில்லையா, நாலாவது முறை விழும்போது காசுக்குப் பழசு ஞாபகம் இருக்குமா, முப்பத்தாறு பேரில் யாரோ ஒருவருக்கு ஒரே இடம் இரண்டு முறை வருவது எவ்வளவு சகஜம்... கையை ஆட்டி ஆட்டி, உதாரணத்துக்கு மேல் உதாரணம். நன்றாகவே பேசினேன். ஒருத்தர்கூடக் குறுக்கே பேசவில்லை.

கடைசியில் அந்த அக்காவிடம் போய், "கம்ப்யூட்டருக்கு ஏழுன்னா இன்னான்னே தெரியாதுக்கா. எல்லார் முன்னாடியும் நான் சொல்றேன். நீங்க ஏழாவதா எழுதுங்க, ஒண்ணும் ஆவாது" என்றேன்.

 "படிச்ச பொண்ணு சொல்ற" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு எழுதினார்.

மீதிப் பேரும் எழுதி முடித்தார்கள். மெஷினைத் திறந்தேன். அழுத்தினேன். படித்தேன். பதினாலு. ஒன்பது. ஒன்று. பொம்மைக்கார அண்ணன் துள்ளிக் குதித்தார். தற்செயல் என்று நினைத்துக்கொண்டு குரலை உயர்த்தினேன். முப்பது. இருபத்திரண்டு. ஐந்து.

அடுத்த எண்ணைக் கண் பார்த்துவிட்டது. திரும்ப ஒரு தடவை பார்த்தேன்.

"சொல்லும்மா" என்றார் மாமா, பேனாவோடு.

"முப்பத்தாறு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அக்கா மேசைக்கு வந்தார். "பழைய பக்கத்தத் திருப்பு" என்றார் மாமாவிடம். மாமா திருப்பினார். ஆனி: பதினாலு, ஒன்பது, ஒன்று, முப்பது, இருபத்திரண்டு, ஐந்து, முப்பத்தாறு. இன்னொரு பக்கம், வைகாசி: அதே. மேலிருந்து கீழே, மூன்று பக்கமும் அச்சடித்த மாதிரி ஒரே எண்கள். பேர்களின் வரிசை மாறிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. மூன்று மாதமும் என் வாயாலேயே படித்தேன், எனக்கே உறைக்கவில்லை. எழுதின மாமாவுக்கும்தான்.

அதைவிடப் பெரிய இடி பக்கத்தின் அடியில் இருந்தது. முப்பத்தாறாவது பேருக்கு வருகிற எண் நாலு. நாலாம் இடம் அருமையான இடம். மூன்று மாதமும் முப்பத்தாறாவதாக எழுதியவர் மாமா.

"அடேங்கப்பா! பெருந்தன்மையா கடைசியில எழுதறாருன்னு பாத்தா..."

"கொழுந்தியா பொட்டியத் தட்டுவா, மாமன் நோவாம எடம் புடிப்பான்!"

"பக்கெட்டே தேவல. அதுல திருடனா கையாவது தெரியும்."

 மாமாவின் காது மடல் சிவந்துபோனது. எப்போதும் நாலு பேரைச் சத்தம் போட்டு அடக்குகிற மனுஷன், நோட்டை மூடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். சங்கத்தில் மூத்தவர் ஒருவர்தான் முடிவு சொன்னார். சாயங்காலம் நாலு மணி வரை நேரம். இது எப்படி நடந்தது என்று சரியான பதில் வேண்டும். இல்லாவிட்டால் மாமா நோட்டைக் கொடுத்துவிட்டு, இளநீர் வண்டியையும் எடுத்துக்கொண்டு அந்த மனையை விட்டே போக வேண்டும்.

வேங்கிக்காலுக்கு எப்படி வண்டி ஓட்டினேன் என்று ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்ததும் யாராவது உள்ளே புகுந்திருப்பார்களோ என்று தேடினேன். இல்லை. சேமித்த நிமிஷத்திலிருந்து மெஷினைத் திறந்து அழுத்தினேன். பதினாலு, ஒன்பது, ஒன்று. மூடினேன், திறந்தேன், அழுத்தினேன். பதினாலு, ஒன்பது, ஒன்று. உட்கார முடியவில்லை. மாடிப் படியில் ஏறினேன், இறங்கினேன். ஐந்தாவது தடவை இறங்கும்போது பாதிப் படியில் நின்றுவிட்டேன். காரணம் தெரிந்துவிட்டது.

கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக மனம் போன போக்கு என்று ஒன்று கிடையாது. நாம் எந்த நொடியில் எந்தக் கீயைத் தட்டுகிறோம், டிஸ்க் எவ்வளவு தாமதிக்கிறது என்பது மாதிரி வெளியுலகத்தின் சில்லறைக் குழப்பங்களை கெர்னல் சேர்த்துச் சேர்த்து ஒரு குட்டையில் கலக்கி வைத்திருக்கும். யாராலும் ஊகிக்க முடியாத எண் வேண்டுமென்று ஒரு புரோகிராம் கேட்டால் அந்தக் குட்டையிலிருந்து மொண்டு தரும். விர்ச்சுவல் மெஷினுக்குள் அந்தக் குழப்பம் கம்மி. அதனால்தான் வெளியே இருக்கிற நிஜக் கம்ப்யூட்டரின் குட்டையிலிருந்து உள்ளே ஒரு குழாய் இழுப்பதற்கென்றே கெர்னலில் ஒரு டிரைவர், அதாவது ஒரு குட்டி உதவிப் புரோகிராம், வைத்திருக்கிறார்கள். இன்னொரு சின்ன டிரைவரும் உண்டு. 'உன்னைப் பழைய நிமிஷத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறார்கள், குட்டையை மறுபடி கலக்கிக்கொள்' என்று கெர்னலின் காதில் சொல்வது மட்டும்தான் அதன் வேலை.

கெர்னலைக் கட்டும்போது கம்ப்யூட்டர் ஒவ்வொரு டிரைவராகக் கேட்கும், வேண்டுமா வேண்டாமா என்று. இந்த இரண்டுக்கும் நான் 'வேண்டாம்' போட்டிருந்தேன். அவை என்ன என்று படிக்கக்கூட இல்லை. கெர்னல் சின்னதாகுமே என்று ஒரு அவசரம்.

ஆக, மாதாமாதம் நான் அந்த மெஷினை வைகாசியின் அதே நிமிஷத்துக்குத் திருப்பினேன். குட்டையும் அதே குட்டை. கலங்க நேரம் கொடுக்காமல் திறந்த கையோடு அழுத்தினேன். அது அதே தண்ணீரை மொண்டு தந்தது. யாரும் கை வைக்க முடியாது என்று நான் பெருமையடித்த ஏற்பாடுதான் இதைச் செய்தது.

அப்போது மாமா போன் செய்தார். "இன்னாம்மா, தெரிஞ்சுதா?"

சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்காது. "வைரஸ்னு சொல்லிடலாமா? வைரஸ்னா எல்லாருக்கும் தெரியும். உன் மேலயும் பழி வராது" என்றார்.

அவர் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது, அவர் என் பேரைப் பற்றிக் கவலைப்படுகிறார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு சுலபம்! இரண்டு டிரைவரையும் சேர்த்துக் கெர்னலைத் திரும்பக் கட்டுகிற நேரம் முழுக்க 'வைரஸ், வைரஸ்' என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். வைரஸ் யார் விட்டது என்று ஒருத்தர் கேட்டால் விரல் மறுபடி மாமாவைத்தான் காட்டும் என்பது ஸ்கூட்டரில் பாதி வழி வந்த பிறகுதான் தோன்றியது. அப்போதும் முடிவு செய்யவில்லை. கொட்டகை வாசலில் அந்த அக்கா கூடைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கூடை காலி. இரண்டு நாளில் பவுர்ணமி, எவ்வளவு கடலை அவிப்பது என்று தெரியாமல் ஊருக்கும் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டிப் போய் 'வைரஸ்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"தப்பு என்னுது" என்று ஆரம்பித்தேன். கெர்னல், டிரைவர் என்று இரண்டு வார்த்தை பேசியதுமே முகங்கள் இறுகின. மறுபடி அளக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். பேச்சை நிறுத்திவிட்டு, பழைய மெஷினையே மேசையில் வைத்து, "நீங்களே அழுத்திப் பாருங்க" என்றேன்.

எலுமிச்சை சாதக்காரர் அழுத்தினார். பதினாலு, ஒன்பது, ஒன்று. மெஷினைப் பழைய நிமிஷத்துக்குத் திருப்பினேன். பொம்மைக்கார அண்ணன் அழுத்தினார். பதினாலு, ஒன்பது, ஒன்று. மூன்றாவது தடவை அழுத்துவதற்கு முன்பே பின்னாலிருந்து ஒரு குரல், "பதினாலு!" அப்புறம் கொட்டகையே சேர்ந்துகொண்டது. "ஒம்பது! ஒண்ணு! முப்பது!" பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல ராகம் போட்டுச் சொன்னார்கள். திரை அவர்கள் சொன்னபடியே காட்டியது. "ஏம்மா, இதுக்கு எதுக்கு லேப்டாப்பு, நானே சொல்லிடுவேனே!" என்று ஒருவர் கத்த, சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நான் நடுவில் நின்றேன்.

சிரிப்பு அடங்கியதும் ஒருவர் கேட்டார். "அதெல்லாம் சரி. இது இப்பிடித்தான் வரும்னு உனக்கும் உங்க மாமனுக்கும் முன்னாடியே தெரியாதுன்னு நாங்க எப்பிடி நம்பறது?"

 எதைக் காட்டி நிரூபிப்பது? மாமாவைப் பார்த்தேன். அவர் நோட்டைக் கொடுத்துவிடலாம் என்று கையில் எடுத்துவிட்டார்.

வேர்க்கடலை அக்கா எழுந்தார். "தெரிஞ்சிருந்தா காலையில என்னைய ஏழாவது எழுத வெச்சிருப்பாளா? ரெண்டு மாசமா ஏழுக்கு முப்பத்தாறு வருதுன்னு ஊரே சொல்லுது. கள்ளத்தனம் பண்றவ வாய மூடிக்கினு இருப்பா. இவ எல்லார் எதிர்லயும் அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தா. தெரியாத திமிரு ஜாஸ்தி, அவ்ளோதான். திருட்டுப் புத்தி இல்ல."

 அந்த மூத்தவர், "அதுவும் நாயந்தான்" என்று தலையாட்டினார். மாமா நோட்டை மேசையில் வைத்தார்.  எங்கள் மாமாவைக் காப்பாற்றிய ஒரே சாட்சி என் திமிர். அன்றைக்கு வாங்கிய அந்தத் திட்டைப்போல வேறு எதையும் நான் நன்றியோடு வாங்கிக்கொண்டதில்லை.

புது மெஷினை வைத்தேன். குழாய் டிரைவர் வழியாக நிஜ லேப்டாப்பிலிருந்து நேரே எண்ணை மொள்ளும்படி புரோகிராமை மாற்றியிருந்தேன். சேமித்த நிமிஷத்துக்குத் திருப்பும் வேலையையே விட்டுவிட்டேன். நாலைந்து பேர் அழுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்கள். நோட்டில் புதுப் பக்கம். ஆறு பேர் எழுதியதும் மறுபடி பேனா நின்றது. அக்கா வந்து எடுத்தார்.

"வேணாங்க்கா, வேற யாராவது..." என்றேன்.

"நீ சும்மா இரு. வேற எவன் எழுதனாலும் இது சரியாச்சா இல்லியான்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லி ஏழாவதாக எழுதினார்.

அந்த ஆறு எண்களைப் படித்த நேரம் அளவுக்கு நான் எந்தப் பரீட்சைக்கும் நடுங்கியதில்லை. முப்பத்தாறே நேர்மையாக விழுந்தாலும் விழலாம், கணக்குப்படி தப்பே இல்லை, அதை நான் காலையிலேயே விளக்கியும் விட்டேன்! ஏழாவது எண் இருபத்தொன்பது. விளக்கு வெளிச்சம் பாதிதான் வரும். சுமாரான இடம். மாமாவுக்கு முப்பத்தி மூன்று. பொம்மைக்கார அண்ணனுக்கு முப்பத்தாறு. அவர் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது.

எல்லோரும் கலைந்ததும் அக்காவிடம் போய் அந்த இரண்டு மாதத்துக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "நீ இன்னா செய்வ? போன கடலை போச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார், அவிக்க வேண்டியது நிறைய இருந்தது.

இப்போதும் நான் கெர்னல் கட்டுகிறேன், இப்போதும் கையை ஆட்டித்தான் பேசுகிறேன். ஆனால் யாராவது என் விளக்கத்தைக் கேட்டுச் சட்டென்று தலையாட்டிவிட்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பதற்றம் வந்துவிடுகிறது: இவருக்கு நிஜமாகவே புரிந்ததா, இல்லை, இரண்டு மாதம் தன் கண்ணால் பார்த்ததை நான் நன்றாகப் பேசுகிறேன் என்பதற்காக விட்டுக்கொடுக்கிறாரா என்று.